கடைசிப் பக்கங்களோடு போனவர்

கடைசிப் பக்கம் இல்லாத காமிக்ஸ் புத்தகங்கள் என் வீட்டில் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. வில்லன் நாயகனின் கழுத்தில் கை வைத்திருப்பான், புரட்டினால் அட்டை. குண்டு வெடிக்கப் போகும், புரட்டினால் அட்டை. உலகம் பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலே சனிக்கிழமைகளில் நான் தூங்கப் போகிறேன். கண்டி நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வாரமெல்லாம் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே வயிறு வளர்த்தவனுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படியொரு மங்கலான வார இறுதி வாய்த்ததற்கு ஒரே ஓர் ஆள்தான் காரணம்.

அவரை நான் நானா என்று கூப்பிட்டேன். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைக்கும் சொல் அது. பேக்கரிக்காரி முதல் பஸ் டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் நானாதான். பெயரை இங்கே சொல்வதாக இல்லை. பெயர் சொல்லித் திட்டும் அளவுக்கு எனக்கு இன்னும் மனம் தேறவில்லை.

அவருக்குத் தொழில் பொய்ப்பல் கட்டுவது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே, பாலத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒற்றை அறை. ஒரு சுவரில் தட்டுத் தட்டாகப் பற்கள். எதிர்ச் சுவரில் தட்டுத் தட்டாக காமிக்ஸ். நடுவில் இரண்டு கதிரைகள். அந்தப் பற்கள் பகலெல்லாம் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். நான் முதலில் அங்கே போனது வாசிக்க அல்ல. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கும் வீரச்செயல் ஒன்றைப் பேராதனை வீதியில் நிகழ்த்தி, முன்பல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். என் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"பறக்கப் போனீங்களா தம்பி?"

"இல்ல நானா, எறங்கப் போனேன்."

"முதுகுல சால்வை கட்டாம எறங்கினா இப்பிடித்தான்."

அச்சு காயும் வரைக்கும் பொழுது போக ஒரு காமிக்ஸைக் கையில் தந்தார். ஏதோ ஒரு நாட்டில் வரைந்து, தமிழ்நாட்டில் யாரோ தமிழாக்கி அச்சடித்து, கொழும்பு வழியாகப் பார்சலில் வருகிற சூப்பர் ஹீரோ புத்தகம். பல்லை மறந்துவிட்டேன். முடிவுக்கு வந்து புரட்டினால் அட்டை. ஒரு விரல் அகலத்துக்கு விளிம்பு விட்டு, கடைசித் தாள் வெகு சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"நானா, இதுல கடைசிப் பக்கம் இல்லையே."

"ஈக்கிது."

இருக்கிறது என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும்.

"எங்க?"

"என்டகிட்ட ஈக்கிது. புத்தகத்தத் தந்துட்டு வாங்கிப் படிங்க."

சங்கத்துச் சட்டம் அது. சங்கம் என்றால் அவரும், அவரிடம் புத்தகம் வாங்கிப் போன நாலைந்து பேரும்தான். முன்பு முழுப் புத்தகமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாராம். போனது எதுவும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் வேலையாக மெழுகு சீவும் கத்தியால் கடைசித் தாளை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். சனிக்கிழமை புத்தகம் வீட்டுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தானாகத் திரும்பி வரும். ஜன்னலோரக் கதிரையில் நம்மை உட்கார வைத்து, டின்னைத் திறந்து தாளைத் தருவார். நாம் அதைப் படிப்போம். அவர் நம் முகத்தைப் படிப்பார். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டினாலும் எழும்ப மாட்டார். பல்லில்லாத ஜனங்கள் படியில் காத்திருப்பார்கள்.

அவர் மட்டும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். வெட்டுகிற கையோடு படித்து முடித்து, பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவார்.

"அதுல என்ன ருசி நானா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்குக் கடைசி தெரியாட்டி முதல் பக்கம் உள்ளுக்குப் போகாது தம்பி. எழுத்து ஓடிட்டே ஈக்கும். கடைசி தெரிஞ்சா நிம்மதியா நடந்து போகலாம்."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?"

"ஒங்களுக்கு ஓடுறது நல்லா ஈக்கிதே. வயிறாவது கொறையும்."

பேப்பரையும் பின்னாலிருந்துதான் புரட்டுவார். கல்யாண வீட்டில், புரியாணிக்குப் பிறகு என்ன இனிப்பு என்று தெரிந்துகொண்டுதான் புரியாணியில் கை வைப்பார். எந்த விஷயத்திலும் அதன் முடிவு அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அது இருந்துவிட்டால் அவரைவிடப் பொறுமைசாலி கண்டி மாவட்டத்தில் கிடையாது.

என் மகளின் உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளைச் சொல்கிறேன். வீட்டில் இணையம் வேலை செய்யவில்லை. நான் நானாவின் அறைக்கு ஓடினேன். அவர் முன்பே மகளின் சுட்டெண்ணை எங்கள் வீட்டில் கேட்டு வாங்கி, போனில் பார்த்து முடித்திருந்தார். என்னைக் கண்டதும் கீழே குரல் கொடுத்து, கிம்புலா பனிஸ் ஒன்றும் பிளேன்டீயும் வரவழைத்தார். முதலை மாதிரி நீண்டு கிடக்கும் அந்தப் பனிஸை என் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நானா, பாத்தீங்களா இல்லையா?"

"மொதல்ல வாலத் திண்ணுங்க."

வாலைத் தின்றேன்.

"இப்ப நடுவு."

நடுவையும் தின்றேன். தொண்டையில் சீனி ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையையும் தின்று முடித்த பிறகுதான், "கெம்பஸ் கெடச்ச மாதிரித்தான்" என்று பல்கலைக்கழகச் செய்தியைச் சொன்னார். நான் அழுததை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தது என் மனைவிகூட இல்லை, அவர்தான். சந்தோஷத்தில் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அவருடைய மனைவி இருந்த காலத்தில் ஒரு நாள் நாங்கள் இருவரும் அந்துரியம் பூந்தொட்டி வாங்க அலைந்தோம். "அடுத்த வருஷம் வாசல் ரெண்டு பக்கமும் செவப்பா ஈக்கணுமாம்" என்று சொல்லிச் சொல்லித் தொட்டி தெரிந்தெடுத்தார். எனக்கு ஓட்டோவில் மடியில் மண். அந்த வருஷம் முடியும் முன்னே அவர் மனைவி மவுத்தாகி மண்ணுக்குப் போனார். டாக்டர் நானாவிடம் முன்பே சொல்லிவிட்டாராம். அவர் அதை மனைவியிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. தொட்டி வாங்கினார்.

"எப்படி நானா தாங்கிக்கிட்டீங்க?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"கடைசி தெரிஞ்ச ஆள் ஒருத்தன் ஈந்தாப் போதும் தம்பி. மத்தவங்க நிம்மதியாப் படிக்கட்டும்."

இந்த வார்த்தையை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பெரிய மனம் கொண்டவரோடு ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீ குடிக்கிறோமே என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

சங்கம் மெல்லக் கலைந்தது. தெல்தெனிய பஸ் டிரைவர் போனில் வீடியோ பார்க்கப் போய்விட்டார். ஒருவர் கொழும்புக்குப் போனார். ஒருவருக்குப் பேரப்பிள்ளை. கடைசியில் நான் மட்டும். அப்போதும் நானா தாளை வெட்டிக்கொண்டேதான் இருந்தார்.

"நான் ஒருத்தன்தானே இருக்கேன். எனக்கு முழுசாத் தந்தா என்ன? நான் எங்க ஓடப் போறேன்?"

"நீங்க ஓட மாட்டீங்க. ஆனா சட்டம் ஈக்கிதே."

எங்கள் இருவருக்கும் உயிராக இருந்தது உப்பு மனிதன் கதை. உப்பளத்தில் வேலை செய்த ஒருவன், ஒரு விபத்தில் உடம்பெல்லாம் உப்பாகிப் போகிறான். சுட்டால் குண்டு பொடியில் புகுந்து வெளியே போய்விடும். வெட்டினால் உதிர்ந்து மறுபடி சேர்ந்துகொள்வான். அவனுக்கு ஒரே பயம், மழை. வருஷத்தில் பாதி நாள் நனைகிற கண்டியில் இருந்துகொண்டு அந்தக் கதையைப் படிப்பது ஒரு தனி அவஸ்தை. வானம் இருட்டினால் நானா ஜன்னலைச் சாத்துவார். "நம்மட ஆள் நனையப் போறான்" என்பார். கடைசிக்கு முந்திய புத்தகத்தில், ஊரே வெள்ளத்தில் மூழ்க, ஒரு வீட்டுக் கூரையில் ஒரு கைக்குழந்தை. எதிர்க் கூரையின் ஓரத்தில் உப்பு மனிதன். நடுவில் மழை. அடுத்த புத்தகத்தோடு கதை முடிகிறது என்று போட்டிருந்தார்கள். அது வர மாதக்கணக்காகும்.

"அது வந்தா ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து சேர்ந்து படிப்பம்" என்றார் நானா. "ஒங்களுக்காக ஒரு தடவை நான் கடைசிப் பக்கத்தக் கடைசியாப் படிச்சிப் பாக்கிறன்."

பதினைந்து வருஷத்தில் அவர் எனக்குத் தருவதாகச் சொன்ன மிகப் பெரிய பரிசு அது. நான் கூச்சத்தில் பற்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த உற்சாகத்தில்தான் என்னுடைய புத்தகங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசைக் குடியிருப்பின் லயத்து அறையில் இருந்த காலத்திலிருந்து, கரையானும் தம்பிமாரும் தின்றது போக மிஞ்சியவை. வீட்டில் அலுமாரியைக் காலி செய்யச் சொல்லி மனைவி நெருக்கினாள். நானாவோ, "இங்க கொண்டாங்க, அடுத்த வருஷம் புது தட்டு அடிப்பம், ரெண்டு பேர்ட புத்தகமும் ஒண்ணா ஈக்கட்டும்" என்றார். ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒவ்வொன்றாக எடுத்து, கடைசித் தாளை வெட்டி டின்னில் போட்டார்.

"நானா, அது என்னோடது."

"இப்ப சங்கத்துது."

காது குத்தப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிற தகப்பன் மாதிரி நின்றேன். வலித்தது. ஆனால் சுவர் முழுவதும் எங்கள் புத்தகங்களைச் சேர்த்துப் பார்க்க அழகாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு படியேறினேன். கதவு திறந்திருந்தது. பற்கள் இல்லை. தட்டு மட்டும் இருந்தது. பேக்கரிக்காரி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சிங்களப் பெண், எங்களோடு பழகிப் பழகி ஓரளவு தமிழ் பேசுவாள்; ஐயா என்பது மட்டும் அவளுக்கு மாத்தயாதான்.

"நானா போனது தானே, மாத்தயா. நேத்து ராத்திரி."

"எங்க போனாரு?"

"ஆஸ்திரேலியா. மகள்ட வீடு. இனி வாறதில்ல." விளக்குமாற்றை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "மாத்தயாவுக்குச் சொல்லலையா? ஒரு வருஷமா வீசா வேல நடந்ததுதானே."

"சொன்னாரு, சொன்னாரு. எனக்குத்தான் மறந்திருச்சி" என்றேன். ஒரு மனிதன் நாட்டை விட்டுப் போவதை மறந்துவிட்ட முட்டாளாக நிற்பது, சொல்லப்படாத ஆளாக நிற்பதைவிட எனக்கு அந்த நேரம் மரியாதையாகத் தோன்றியது.

"புத்தகம் எல்லாம் உங்களுக்கு எண்டு சொன்னது. லொறி கொண்டுவாங்க."

புத்தகங்கள் எல்லாம் இருந்தன. டின் மட்டும் இல்லை. நான் தட்டுகளுக்குப் பின்னால் பார்த்தேன், கழுவு தொட்டிக்குக் கீழே பார்த்தேன்.

"அந்த பிஸ்கட் டின் இருந்துச்சே?"

"அது கையில கொண்டுபோனது. பெட்டியில போடவும் விடல. மடியில வச்சிட்டுத்தான் ஏர்போட் வான்ல ஏறினது."

பையில் இருந்த புத்தகத்தோடு வீட்டுக்கு நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்து வந்து நின்றவனை மனைவி பார்த்தாள். துவாய் எடுத்துத் தந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இடித்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "ரம்ழான் கஞ்சி கொண்டாந்து குடுத்த அன்னைக்கே சொன்னாரு. தங்கச்சி, தம்பிக்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாருன்னாரு."

"ரம்ழான் எப்ப முடிஞ்சிச்சி."

"நான் என்னங்க பண்ண? பெரிய மனுஷன் கேக்கிறாரு. மூணு தடவ சொல்ல வந்தேன். நீங்க புதுத் தட்டுக்குப் பலகை அளந்துகிட்டு இருந்தீங்க."

ஆக, பேக்கரிக்கும் தெரியும், என் சமையலறைக்கும் தெரியும். கதை முழுவதையும் ஊரே படித்து முடித்திருக்க, கடைசித் தாள் வெட்டின பிரதி எனக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. பலகை அளந்துகொண்டு ஓடியிருக்கிறேன். அவர் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 'அடுத்த வருஷம்' என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் யோசித்துப் பார்த்தேன். வாசலின் இரண்டு பக்கமும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று அவர் மனைவிக்கு வாங்கிக் கொடுத்த அதே தொட்டிதான். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். நோயாளிக்குச் சொல்லாமல் விட்டதைப் பெரிய மனம் என்று நான்தான் ஊரெல்லாம் பாராட்டி வந்தேன். எனக்கு நோய்கூட இல்லை.

ஆத்திரத்தில் பல்லைக் கடித்தேன். அதுவும் முடியவில்லை. முன்பல் அவர் செய்தது. கடித்தால் அவர் கைதான் நாக்கில் படுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக நான் படியேறும் நேரத்துக்கு, மெல்பனிலிருந்து போன் வந்தது.

"எனத்த தம்பி, கோவமா?"

"இல்ல நானா. புத்தகம் திருப்பிக் குடுக்க வந்தேன். ஆளக் காணோம்."

"சொல்லீந்தா அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு கெழமையும் நீங்க மய்யத்து வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்தீப்பீங்க. ஒரு புத்தகமாவது ஒழுங்காப் படிச்சீப்பீங்களா?"

"படிச்சிருக்க மாட்டேன்."

"அதான்."

"ஆனா உங்ககூட இருந்திருப்பேன் நானா. அப்ப நான் அடுத்த வருஷத்தோடதானே இருந்தேன்."

அப்படியொரு வாக்கியத்தைப் பேசிப் பழக்கமில்லாதவன் என்பதால் உடனே இருமினேன்.

"டின்ன ஏன் எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

"புத்தகம் எடை கூடத் தம்பி. தாளுக்கு எடை இல்லயே."

"அதுல என்னோட தாளும் இருக்கு. புசல்லாவயில இருந்து வந்தது."

"ஈக்கிது, பத்திரமா ஈக்கிது. மகள்ட்டக் குடுத்து எல்லாத்தையும் போட்டோ புடிச்சி அனுப்பவா?"

"வேணாம்" என்றேன். எங்கள் மகளின் போனில் தேடினால் பாதிக் கதைகளின் முடிவு கிடைக்கும் என்று மனைவியும் சொல்லியிருந்தாள். அவளிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முடிவு எனக்கு வேண்டாம் என்பதில்லை. கதிரையில் உட்கார வைத்து, டின்னைத் திறந்து, கையில் தர வேண்டும். அதுதானே சட்டம்.

மழைக்காலம் பிடித்த பிறகு ஒரு நாள் கடைக்குப் பார்சல் வந்தது. நானாவின் மாடிப்படி ஏறத் தபால்காரருக்கு முழங்கால் இடம்கொடாததால், கொழும்பிலிருந்து வருகிற புத்தகமெல்லாம் என் கடை முகவரிக்குத்தான் வரும். இத்தனை வருஷமும் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். உப்பு மனிதனின் கடைசிப் புத்தகம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டேன். பிளேன்டீ வைத்துக்கொண்டேன். பனிஸும் வாங்கியிருந்தேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஓடாமல், ஒவ்வொரு கட்டமாக நடந்து போனேன். வெளியே மழை. கடைசிக்கு முந்திய தாளுக்கு வந்தேன். புரட்டினேன். அட்டை இல்லை, தாள் இருந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கதையை யாரும் முகம் பார்க்காமல் படித்து முடித்தேன்.

நிமிர்ந்தபோது எதிரே சுவர்தான் இருந்தது. இவ்வளவு நல்ல முடிவை ஒரு சுவருக்கு முன்னால் படித்து வீணாக்கியிருக்கக் கூடாது.

மறுநாள் மகளின் பிளேடை எடுத்தேன். ஒரு விரல் அகலம் விளிம்பு விட்டு வெட்டினேன். அவரைப் போல நேராக வரவில்லை; நடுவில் கொஞ்சம் கோணிக்கொண்டது. தாளைப் பழைய கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள் சுருட்டி வைத்தேன். மிச்சப் புத்தகத்தை நன்றாகப் பொதி செய்து, திங்கட்கிழமை தபால் கந்தோருக்குப் போய் மெல்பனுக்கு அனுப்பினேன்.

போன் வர நாளானது. வந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

"தம்பி, பார்சல் வந்தீக்கிது."

"சந்தோஷம் நானா."

"கடைசில ஒரு தாள் கிழிஞ்சீக்கிதே."

"கிழியல. வெட்டினது."

அங்கே அவருக்குப் பின்னால் பேரப்பிள்ளையொன்று இங்கிலீஷில் எதற்கோ அழுதது.

"முதல் பக்கம் எப்படி நானா, நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"எப்பிடித் தம்பி படிக்கிற? ரெண்டு நாளா மேசையில வச்சிப் பாத்துட்டு ஈக்கிறன். உள்ளுக்குப் போகுதில்ல." குரல் இறங்கியது. "எறங்கினானா?"

"என்னது?"

"உப்பு மனுஷன். அந்தப் புள்ளைக்காக மழைல எறங்கினானா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை வாங்க நானா. கதிரை போட்டு வைக்கிறேன். டின்னையும் கொண்டாங்க."

"விசா, மருமகன், டிக்கட்டு... ஒங்களுக்குத் தெரியாததா."

"சட்டம் இருக்கே" என்றேன்.

போனை வைத்தேன். வென்ற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தாள் தன்னிடம் இருந்தால் புத்தகம் தானாக வரும் என்று பதினைந்து வருஷம் நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையில்தான் என் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே தவிர, கோபம் ஆறவில்லை. ஆள் வருவாரா என்று காத்திருக்கிற வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

உப்பு மனிதன் மழையில் இறங்கினானா என்று உங்களுக்கும் சொல்வதாக இல்லை. யார் வாய் வழியாகவாவது மெல்பனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.